பையன் ஸ்டாப்பிங்

கோகிலாமணியின் மகன் தர்ஷித் தெருவுக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்ட வருடத்தில்தான் எங்கள் ஊருக்குப் புது டிரான்ஸ்பார்மர் வந்தது, ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்தது, டவுன் பஸ் ஒரு நடை கூடுதலாக வர ஆரம்பித்தது. ஆகையால் அந்த வருடத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் டிரான்ஸ்பார்மரில் தொடங்கி, குழாயில் இறங்கி, பஸ்ஸில் ஏறி, அதற்கப்புறம்தான் பையனிடம் வந்து சேருவோம்.

திருச்செங்கோட்டுக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊரில் ஆம்பளைகளை வருடத்தில் முக்கால்வாசி நாள் பார்க்க முடியாது. போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளில் ஏறி, நாங்கள் பெயர் சொல்லத் தடுமாறுகிற வடக்கத்திக் காடுகளுக்கெல்லாம் போய், அங்கே இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் கிடைக்கப் பாறையைத் துளைத்துக்கொண்டு இருப்பார்கள். ஊரில் இருப்பது பெண்களும் பிள்ளைகளும், ரிக் முதலாளியின் கணக்கப்பிள்ளை சென்னியப்பனும், கோயில் பூசாரியும், முதுகுவலிக்காரர்கள் சிலரும்தான். அப்பாக்கள் போகும்போது பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு போன் வாங்கித் தந்துவிட்டுப் போனார்கள். போனுக்குள் ஆட்டம் இருந்தது. ஆட்டத்துக்குள் பிள்ளைகள் இருந்தார்கள். மொட்டைமாடியில் மட்டும்தான் எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கும் என்பதால், சாயங்காலமானால் ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு பிள்ளை தலையைக் குனிந்தபடி நின்றுகொண்டிருக்கும், பக்கத்து மாடியில் நிற்கிற பிள்ளையோடு போனுக்குள்ளே கூடிச் சண்டை போட்டு, கோட்டை பிடித்து, பாலம் கடந்து, கீழே இறங்கித் தெருவில் எதிர்ப்பட்டால் யாரோ எவரோ என்று ஒதுங்கிப் போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோகிலாமணி மாடியில் காயப்போட்ட மிளகாயை அள்ள ஏறிப் போனாள். சாப்பிட வா, சாப்பிட வா என்று மத்தியானத்திலிருந்து தொண்டை வறளக் கூப்பிட்டும் வராத பையன், கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் இருக்கிற உருவம் தாவும்போது தானும் தாவுவது அவன் வழக்கம்; கட்டிலிலிருந்து தாவுவான், படியிலிருந்து தாவுவான். அன்றைக்குச் சுவரிலிருந்து தாவினான். அதே நொடியில் அவள் எட்டி அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் பக்கத்துப் பொத்தான் அமுங்கித் திரை இருண்டது. தர்ஷித் கீழே விழவில்லை. தெருவின் பாதியைக்கூடத் தாண்டாத இடத்தில், ஒரு கால் முன்னே மடங்கி, ஒரு கால் பின்னே நீண்டு, எதையோ தட்டப்போகிறவன் மாதிரி வலது கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டாமல் அப்படியே நின்றுவிட்டான்.

கோகிலாமணி போட்ட சத்தத்தில் ஊரே கூடியது. கூடியவர்கள் முதலில் அழுதார்கள், அப்புறம் அண்ணாந்து பார்த்தார்கள், அப்புறம் கழுத்து வலித்ததால் குனிந்து யோசித்தார்கள். ஏணி வைத்து ஏறிப் பார்த்ததில் பையனுக்கு உடம்பு வெதுவெதுவென்றுதான் இருந்தது. நெஞ்சு துடிப்பதும் நிற்பதும் இல்லாமல், அடுத்த துடிப்புக்குத் தயாராக இருந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு உலகத்தில் எது சிக்கிக்கொண்டாலும் அது குழியில் சிக்கிய ராடுதான். பாறைக்குள் இறக்கிய இரும்புக் கம்பி சிக்கினால் வின்ச்சைக் கட்டி இழுப்பார்கள்; இழுத்தால் வரும்; அதனால் இதையும் இழுத்தால் வரும் என்று சென்னியப்பன் முடிவு செய்தார். பழுதுபார்க்க நிறுத்தியிருந்த ஒரு ரிக் வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து, பையன் இடுப்பில் மெத்தென்று போர்வையைச் சுற்றி, அதன்மேல் நாடாவைக் கட்டி, மெள்ள மெள்ள இழுத்தார்கள். பையன் இம்மிகூட அசையவில்லை. வண்டியின் முன்சக்கரம்தான் தரையை விட்டு எழும்பியது. அதைப் பார்த்ததும் சென்னியப்பன் வின்ச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, "சரி, அவனா எறங்கட்டும். ரோட்டுக்கு எடஞ்சலில்லாமத்தான நிக்கறான்" என்றார்.

அதோடு ஊர் அதைப் பழகிக்கொள்ள ஆரம்பித்தது. டவுன் பஸ் அவன் அடியில்தான் நின்றது. கண்டக்டர் அவனுடைய தூக்கிய கட்டைவிரலைப் பார்த்து, "ரைட், தம்பியே சொல்லிட்டான், போலாம்" என்று விசில் ஊதுவார். நாளாவட்டத்தில் அந்த இடத்துக்குப் பையன் ஸ்டாப்பிங் என்று பெயர் வந்துவிட்டது. ரிக் வண்டிகள் அந்தத் தெருவில் வரும்போது கம்பத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு மரியாதையாகக் கடந்தன. மழைக்காலத்துக்கு முன்னால் அவன் தோளில் ஒரு பெரிய குடையைக் கட்டிவிட்டார்கள், வெயில் காலத்தில் குடை நிழலில் காய்கறிக்காரி கூடையை இறக்கினாள். எஸ்தர் டீச்சர், எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, ஐந்தாம் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் அவன் முழுசாகத் தெரிகிறான் என்பதால் அவனுக்கு வருகை போட்டார். ஒருநாள் பனிமூட்டமாக இருந்து அவன் தெரியாததால் விடுப்பு என்று போட்டபோது, கோகிலாமணி போய் அழுது, அதைத் திருத்தச் சொன்னாள், டீச்சரும் திருத்தினார்.

கோகிலாமணி மட்டும் பழகிக்கொள்ளவில்லை. காலையில் ஏணியில் ஏறி ஈரத்துணியால் அவன் முகத்தைத் துடைப்பாள். சனிக்கிழமை தவறாமல் அவன் தலைக்கு நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, குடத்தால் ஊற்றுவாள். தெருவில் போகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். சாப்பாட்டு நேரத்துக்குத் தட்டைக் கொண்டுவந்து சுவரின்மேல் வைத்துவிட்டு, "கண்ணு, வந்துரு சாமி. அம்மா இனிமேப் புடுங்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, சோறு ஆறிய பிறகு காக்கைக்குப் போடுவாள். போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாள். அதைத் தொட அவளுக்குப் பயம்.

புருஷனுக்கு அவள் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ராடு குழிக்குள் இருக்கும்போது ரிக்கில் இருக்கிற ஆளுக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாது. எந்தக் காலத்திலோ யாரோ ஒருவன் சேதி கேட்ட கையோடு லீவரைத் தவற விட்டதில் வந்த கட்டுப்பாடு அது. ஆம்பளையே போன் போட்டு, "ராடு மேல ஏத்தியாச்சு" என்று சொன்ன பிறகுதான் பெண்கள் வாய் திறக்கலாம். அதுவரைக்கும் மாடு சினையாக இருப்பதையும் முருங்கை காய்த்திருப்பதையும்தான் பேச வேண்டும். அப்பா செத்ததை மகனும், வீடு இடிந்ததை வீட்டுக்காரனும் மாதம் கழித்து இப்படித்தான் தெரிந்துகொள்வார்கள். ஆகையால் ஊரில் ஒருத்தரும் தர்ஷித்தின் அப்பன் அர்த்தநாரிக்கு மூச்சு விடவில்லை. டிவிக்காரர் ஒருவர் எப்படியோ மோப்பம் பிடித்து வந்தபோது, "அது பொம்மைங்க, ஸ்கூல் நாடகத்துக்குச் செஞ்சது" என்று ஊரே ஒரே குரலில் சொல்லி, அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

பையனுக்கு நேர்ந்ததைப் பார்த்து எல்லா அம்மாக்களும் பிள்ளைகளின் போன்களைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் தெருவில் இறங்கி, தர்ஷித்துக்குக் கீழே வந்து கூடினார்கள். கூடினார்களே தவிர என்ன செய்வதென்று தெரியவில்லை. யாராவது ஆரம்பம் என்று சொல்லுவார்கள் என்று காத்திருந்தார்கள். ஓடிப்பிடித்து ஆடச் சொன்னால், பிடிபட்டவன் தனக்கு இன்னும் இரண்டு உயிர் பாக்கி இருப்பதாக வாதாடினான். மௌனிஷ் என்ற பையன் தோற்றபோதெல்லாம் விட்டெறியப் போன் இல்லாததால் பக்கத்தில் இருந்தவனைத் தள்ளிவிட்டான். தோற்றவன் அழுதால் அதை எப்படி நிறுத்துவது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. போனில் என்றால் எதிராளி அழுவது கேட்காது. ஆனால் ஒன்று, விழுந்தவன் எழுந்து மறுபடி, மறுபடி, மறுபடி ஓடினான். எங்களைப் போல ஒரு தடவை தோற்றதும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. எஸ்தர் டீச்சர் இரண்டையும் ஜன்னலிலிருந்து பார்த்தார். டவுனிலிருந்து ஒரு மனநல நிபுணர் வந்து விளையாட்டும் குழந்தை வளர்ச்சியும் என்று பேசினார்; கேட்க உட்கார்ந்திருந்த அம்மாக்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள், பாதிப் பேர் மடியில் வைத்திருந்த போனைப் பார்த்துக்கொண்டே.

சஷ்டிகா என்று ஒரு பெண் உண்டு. தர்ஷித்தின் வகுப்புதான். வகுப்பில் வாயைத் திறக்கவே மாட்டாள்; உள்ளேன் என்று சொல்வதற்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். ஆட்டத்தில் மட்டும் அவள் பெரிய ஆள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அவள் ஒருநாள் கோகிலாமணி ஏணியிலிருந்து இறங்கும்வரை காத்திருந்து, "அத்தை, அவன் பாஸ்ல நிக்கறான்" என்றாள்.

"அப்படின்னா என்ன கண்ணு?"

"ஆட்டத்த நடுவுல நிறுத்தி வெச்சா அப்படித்தான் நிக்கும். போனைத் தொறந்து பாருங்க. உள்ளயும் அப்படியேதான் நின்னுட்டு இருப்பான்."

கோகிலாமணி பீரோவைத் திறந்தாள். போனுக்குச் சார்ஜ் ஏற்றி, இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து திரையைத் திறந்தார்கள். இரண்டு மலை, நடுவே பள்ளம். பள்ளத்தின் மேலே ஒரு சின்ன உருவம், ஒரு கால் மடங்கி, ஒரு கால் நீண்டு, அந்தரத்தில் நின்றது. எதிர்மலையின் விளிம்பில் இன்னொரு உருவம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது. அதன் தலைக்கு மேலே பெயர் எழுதியிருந்தது. அப்பா.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "எந்த அப்பா?" என்று கேட்டாள்.

"மாமாதான். அவங்க ரெண்டு பேருந்தான் தெனமும் ஆடுவாங்க. இது ரெண்டு பேர் ஆட்டம் அத்தை. ஒருத்தர் தாவணும், ஒருத்தர் புடிக்கணும்."

கோகிலாமணிக்குச் சுருக்கென்றது. முகம் தெரியாத எவனோடோ பையன் ஆடிக் கெட்டுப்போகிறான் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். அவளிடம் அர்த்தநாரி போனில் பேசுவது சாப்டாச்சா, பால் ஊத்தறவன் வந்தானா, வெச்சிரட்டா என்பதோடு முடிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அந்த மனுஷன் மகனுக்காக ஒரு மலை உச்சியில் கையை விரித்துக்கொண்டு நிற்பான் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது, பெற்ற பிள்ளைமேலேயே. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "இப்ப இதை ஓட விட்டா எறங்கிருவானா?" என்று கேட்டாள்.

சஷ்டிகா கீழே குனிந்து தெருவைப் பார்த்தாள். ஓட விட்டால் பையன் தாவின வேகம் அங்கிருந்தே தொடரும் என்றாள். ஒரு தாவலில் பள்ளத்தைக் கடக்க முடியாது, உச்சிக்குப் போகிற கணத்தில் இன்னொரு தடவை தட்ட வேண்டும், தட்டினால் காற்றிலேயே இன்னொரு தாவல் கிடைக்கும், கொஞ்சம் முன்னாலேயோ பின்னாலேயோ தட்டினால் பள்ளத்துக்குள் விழுந்துவிடுவான் என்றாள். அந்தத் தட்டலைத் தட்டத்தான் அவன் கட்டைவிரலைத் தூக்கினான், அதற்குள் போன் போய்விட்டது. ஆட்டத்தில் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். தெருவில் தார் போட்டிருந்தது.

"நீ தட்டறயா கண்ணு? நீ நல்லா ஆடுவீன்னு சொல்றாங்க."

"நான் மாட்டேன் அத்தை" என்று அந்தப் பெண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "தப்பாப் போச்சுன்னா?"

கேட்டதற்காகக் கோகிலாமணிக்கே வெட்கமாகிவிட்டது. ஊரான் வீட்டுப் பிள்ளையின் விரலில் இதை வைப்பது எந்த ஊர் நியாயம்? தப்பிப் போனால் அந்தப் பெண் சாகிற வரைக்கும் அந்த விரலைச் சுமக்க வேண்டும். விழவைக்கிறதோ பிழைக்கவைக்கிறதோ, பிடுங்கின கைதான் தட்டவும் வேண்டும் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அந்தக் கட்டத்தை அப்படியே மூடிவிட்டு, மகன் எப்போதோ முடித்த முதல் கட்டத்தைத் திறந்து, "எனக்குச் சொல்லிக்குடு" என்றாள்.

அதற்கப்புறம் எங்கள் ஊர் சாயங்காலங்கள் மாறிவிட்டன. கோகிலாமணி மாடியில் உட்காருவாள். பிள்ளைகள் சுற்றி உட்காருவார்கள். எத்தனை ஆயிரம் இட்லி சுட்டிருப்பாள், எத்தனை முழம் பூத் தொடுத்திருப்பாள், அந்த விரல் ஒரு கண்ணாடியைத் தட்டத் தெரியாமல் வழுக்கியது. முதல் மேட்டிலேயே விழுந்தாள், எழுந்தாள், விழுந்தாள். "அவசரப்படாதீங்க அத்தை" என்று சஷ்டிகா சொல்லுவாள். "கீழ பாக்காதீங்க, போற எடத்தப் பாருங்க." மௌனிஷ், அவனே தோல்வியைத் தாங்காதவன், "விழுந்தா விழுந்துட்டுப் போகுது விடுங்கத்தை, மறுக்கா போலாம்" என்று அவளுக்குத் தைரியம் சொன்னான், சொல்லிவிட்டுக் கீழே போய்த் தான் தோற்றபோது பக்கத்து வீட்டுப் பையனைத் தள்ளிவிட்டான். வகுப்பில் ஊமையாக இருக்கிற பெண் மாடியில் ஒரு பெரிய மனுஷியை அதட்டுவதைக் கேட்க, எஸ்தர் டீச்சர் ஒருநாள் படியேறி வந்து, சத்தம் போடாமல் நின்றுவிட்டுப் போனார்.

முதல் கட்டத்தைத் திறந்த மறுநாளே அந்த இன்னொரு உருவம் வந்து பக்கத்தில் நின்றது. மகன் மறுபடி ஆட வந்திருக்கிறான் என்று அர்த்தநாரிக்குப் போனில் தகவல் போயிருக்க வேண்டும். கோகிலாமணி விரலைத் திரையிலிருந்து எடுத்துவிட்டாள். தான் யாரென்று காட்டிக்கொள்ள முடியாது. சொல்கிற நேரம் ராடு குழிக்குள் இருக்கலாம். அதனால் மகனாகவே ஆடினாள். அந்த உருவம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகன் எப்போதோ கடந்துபோன குட்டி மேடுகளை எதற்கு மறுபடி ஏறுகிறான், இத்தனை தடவை எதற்கு விழுகிறான், எதையும் கேட்காமல் கூடவே வந்தது. அவள் தயங்கினால் முன்னே போய்த் தாவிக் காட்டியது. பாலம் உடைந்தால் தான் பள்ளத்தில் விழுந்து அவளைத் தன்மேல் நடந்துபோக விட்டது. அவள் விழுந்து முதலிலிருந்து வரும்போது, அவள் வந்து சேரும்வரை கல்மேல் உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் ஆனால் அவள் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு மாடி ஏறுவதை ஊர் கவனித்தது. "ஆட்டம் ஆடப் போறதுக்கு எதுக்குடி பூ?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். கோகிலாமணி பூவைச் சரிசெய்துகொண்டு படியேறினாள். மகன் அந்தரத்தில் நிற்கும்போது தனக்குச் சந்தோஷமாக இருப்பது அவளுக்கே பிடிக்கவில்லை. ஏணியில் ஏறி அவன் முகத்தைத் துடைக்கும்போது, "உங்கப்பன் நல்லவருடா" என்று மெதுவாகச் சொல்லுவாள், அவனுக்குத் தெரியாத சேதி மாதிரி.

பிள்ளைகள் வகுப்பு மாறினார்கள். தர்ஷித்தோடு படித்தவர்கள் ஆறாம் வகுப்புக்குப் போய்விட, ஆறாம் வகுப்பு ஜன்னல் வேறு பக்கம் இருந்ததால் அவன் ஐந்திலேயே நின்றான். சஷ்டிகா ஒருநாள் கோகிலாமணியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீங்க இப்ப இரட்டைத் தாவலத் தவற விடறதே இல்ல அத்தை. ரெடியாயிட்டீங்க. ஆனா அந்தப் பக்கம் புடிக்க ஆள் வேணும்" என்றாள். சென்னியப்பன் வெளியூரிலிருந்து திடகாத்திரமான நான்கு ஆளை வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். கோகிலாமணி வேண்டாம் என்றாள். எதிர்மலையில் கை விரித்து நிற்கிறவன் தலைக்கு மேலே என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு ஆடிக்கொண்டிருக்கும்போது அந்த உருவம் பாலத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டது. அவள் தட்டித் தட்டிக் கூப்பிட்டும் எழவில்லை. கையில் இருந்த போனே அடித்தது.

"கோகிலா" என்றான் அர்த்தநாரி. "ராடு மேல ஏத்தியாச்சு. இப்பச் சொல்லு. பையன் எங்க?"

பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றுகொண்டார்கள்.

"நாந்தான் ஆடறேன்னு எப்பத் தெரியுங்க?"

"மொத நாளே தெரியும். அவன் எனக்காக ஒருநாளும் நின்னதில்ல புள்ள, தம்பாட்டுக்கு ஓடிருவான். நீ மேட்டுக்கு மேடு நின்னு, நான் வர்றனான்னு திரும்பிப் பார்த்த."

"அப்பறம் ஏனுங்க இத்தன நாளாக் கேக்கல? ராடு மேல வரவேயில்லையா?"

"வந்துச்சு" என்றான். "எத்தனையோ தடவ வந்துச்சு. எனக்குத்தான் கேக்க தைரியம் வல்ல. கேக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகலைன்னு இருந்துட்டேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

அர்த்தநாரி லாரி மாறி, ரயில் மாறி, பையன் ஸ்டாப்பிங்கில் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினான். கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயரைச் சொன்னபோது அண்ணாந்து பார்த்தவன், வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் பையைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல், நேராக எதிர்வீட்டு மாடிக்கு ஏறினான். ஊர் தார்ப்பாய்களைக் கொண்டுவந்து தெருவுக்குக் குறுக்கே விரித்துப் பிடித்தது. தெருக் கம்பிகளில் கரண்ட் ஓடக் கூடாதென்று ஒரு ஆள் போய் டிரான்ஸ்பார்மரை அணைத்து வைத்தான். சஷ்டிகா ஏணியில் ஏறிக் குடையை அவிழ்த்தாள். இந்தப் பக்க மாடியில் கோகிலாமணி, மகன் நின்றுபோன அந்தக் கட்டத்தைத் திறந்து போனை ஏந்திக்கொண்டு நின்றாள், அந்தப் பக்கக் கைப்பிடிச் சுவரை ஒட்டி அர்த்தநாரி இரண்டு கையையும் விரித்து நின்றான், நடுவில் மகன் நின்றான், கீழே நாங்கள் நின்றோம்.

"பயமா இருக்குதுங்க" என்றாள் கோகிலாமணி, தெருவைத் தாண்டிக் கேட்கும்படி.

"எனக்குந்தான். நீ தட்டு."

அவள் கீழே பார்க்கவில்லை. திரையைத் தட்டி ஆட்டத்தை ஓட விட்டாள். தர்ஷித்தின் சட்டை காற்றில் படபடத்தது, முன்கால் நிமிர்ந்தது, உடம்பு ஒரு முழம் மேலேறி, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவே நிற்கிற அந்த ஒரு கணத்துக்கு வந்தது. அவள் தட்டினாள். பையன் வெறும் காற்றை மிதித்து எழும்பித் தெருவைக் கடந்து, எங்கள் தலைகளைக் கடந்து, அப்பன் மார்பில் போய் மோதினான். இரண்டு பேரும் உருண்டு எதிர்வீட்டுக்காரி காயப்போட்ட கொத்தமல்லியின் மேல் விழுந்தார்கள்.

பையன் எழுந்ததும் அப்பனைப் பார்க்கவில்லை. சுவரோரம் ஓடிவந்து தெருவுக்கு இந்தப் பக்கம் பார்த்துக் கத்தினான். "ஏம்மா புடுங்குன? இன்னும் ஒரே ஒரு தட்டுத்தான இருந்துச்சு!"

"உங்கம்மாதாண்டா அதைத் தட்டுனா" என்றான் அர்த்தநாரி.

தர்ஷித் நம்பவில்லை. கோகிலாமணி கைப்பிடிச் சுவரிலேயே சரிந்து உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். நாங்களும் அழுதோம். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கண்டக்டர் கத்தினார்.

அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. தர்ஷித் சின்னப் பிள்ளைகளோடு ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்தான்; அவனோடு ஆடினவர்களெல்லாம் அவனைவிட உயரமாகி, தங்களுக்குள்ளே வேறு சிரிப்புகளைச் சிரித்தார்கள். தனக்குக் கீழே அவர்கள் கூடி ஆடின ஆட்டங்களின் விதிகள் அவனுக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சம். சஷ்டிகா வகுப்பில் இன்னும் கையைத்தான் தூக்குகிறாள், எஸ்தர் டீச்சர் இப்போது அவளை வாய் திறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. மௌனிஷ் தள்ளுகிறான், தள்ளிவிட்டுக் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறான். பஸ் அதே இடத்தில்தான் நிற்கிறது, புதிதாக வருகிறவர்கள் எந்தப் பையன் என்று கேட்கிறார்கள். போன் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டன. ஆனால் எங்கள் ஊரில் இன்றைக்கும் ஆடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கு முன்னால், "கால் தரையிலதான இருக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

அர்த்தநாரி மறுபடி ரிக்குக்குப் போய்விட்டான். சாயங்காலங்களில் கோகிலாமணி முகம் கழுவிக்கொண்டு மாடிக்குப் போகிறாள். ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் அவள் இறங்காததால் தர்ஷித் பசியோடு படியேறிப் போய், அம்மா அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்து, அவள் திரும்பாததால் எட்டிப் போனைப் பிடுங்கப் போனான்.

"தொடாதடா!" என்று அவள் கத்தினாள். "உங்கப்பா நடு வானத்துல இருக்காரு."

தர்ஷித் நீட்டின கையை மடக்கிக்கொண்டான். அப்பா கரை சேரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு, அம்மாவின் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தான்.